படைக்குச் சோறு பொங்கியது யார் என்று கேட்ட எஸ்தர் அக்கா

வருசநாட்டிலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா காலையில போயிட்டாக. வாசகர் வட்டத்துல சொல்லிருங்க." 

போடி கடைவீதியில் பெயின்ட் கடை நடத்தியவர் அக்கா. அல்லிநகரத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வட்டத்துக்கு முதன்முதலாக வந்த அன்று, ஒரு துப்பறியும் நாவலைப் பற்றிப் பேச எழுந்தார். செயலாளரான நான் உள்ளுக்குள் சிரித்தேன். "கொலைகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சுபோச்சு," என்றார். "ஆனா செத்துப்போன வேலைக்காரப் பிள்ளைக்காக அந்த வீட்ல ஒரு ஆளும் அழல. எனக்கு அதுதான் தொண்டையில நிக்குது." நானும் அந்த நாவலை வாசித்திருந்தேன். அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்கு நினைவில்லை.

பிறகொரு முறை, சரித்திர நாவல் எழுதிய ஒருவரை விருந்தினராக அழைத்திருந்தோம். எல்லோரும் புகழ்ந்து முடித்தபின் அக்கா கேட்டார்: "சண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அம்புட்டுப் படைக்கும் யாரு சோறு பொங்குனா? நானூறு பக்கத்துல ஒரு அடுப்புகூடப் புகையலையே!" எழுத்தாளரின் முகம் சுருங்கிவிட்டது. சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

அக்கா வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். அதைச் சொல்ல நான்தான் கடைக்குப் போனேன். டப்பாவில் நீல நிறத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"நான் சொன்னது பொய்யா தம்பி?"

"இல்லக்கா. ஆனா எழுதுனவரு மனசு நொந்துபோச்சு."

"புடிக்கலங்கிறதயும் சொன்னாத்தான், புடிச்சிருக்குன்னு சொல்றப்ப நம்புவாக. நான் அடுத்த மாசமும் வருவேன்."

வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். நான்கு பேர் வட்டத்தை விட்டு விலகினார்கள்.

சிறுநீரகம் கெட்டு, வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கியபின் அவரால் கூட்டத்துக்கு வர முடியவில்லை. கடைசியாக வாசித்தது, மழையே இல்லாத கிரகத்தைப் பற்றிய அறிவியல் நாவல். மருத்துவமனையிலிருந்து குரல்பதிவு அனுப்பினார். நடுநடுவே மூச்சு வாங்கியது. "இது நல்ல புத்தகம் தம்பி. அங்கன பிறந்தவுக ஒருத்தரும் மழைக்கு ஏங்கல. மழையக் கண்டவகதான ஏங்குவாக? எழுதுனவரு அத யோசிச்சிருக்காரு." அதைக் கூட்டத்தில் ஒலிக்கவிட்டோம். 

அவரை அடக்கம் செய்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அன்று எடுத்துக்கொண்டது ஒரு காதல் நாவல். எழுதியவன் என் கல்லூரி நண்பன். எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அவனுடைய முந்தைய புத்தகங்களை வாய் நிறையப் புகழ்ந்தவன் நான். எழுந்து நின்றேன். "இதில் அந்தப் பெண் எதற்காக அவனை நேசிக்கிறாள் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை," என்றேன்.  அவன் பேனாவை எடுத்து, "எந்த இடத்துல விட்டுப்போச்சு, சொல்லு," என்றான்.

எழுதியவரின் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்வது. எஸ்தர் அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது இதுதான். இதை இனி விடமாட்டேன்.