சுழற்கிண்ணத்துக்கு ஓர் அறை

மலேசியாவில் ஈப்போ நகரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் லகாட் ஊரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போவேன். தோட்டம் என்று பேச்சுக்குத்தான் சொல்வது. மரங்களை வெட்டி, வீடு கட்டி விற்று வருஷக்கணக்காகிவிட்டது. கோயிலும், அதன் மண்டபமும், மண்டபத்தை ஒட்டி ஒரு சின்ன அறையும்தான் மிச்சம். அந்த அறையில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இலவசமாக டியூஷன் எடுக்கிறேன்.

அந்த அறைமேல் கோயில் நிர்வாகத்துக்கு ஒரு கண். அன்னதான அண்டாக்கள் வெளியே தகரக் கொட்டகையில் கிடந்தன. தலைவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், மழையில அண்டாவெல்லாம் நனையுது லா. பாக்கவே பாவமா இருக்கு" என்றார். அண்டாவைச் செய்ததே தண்ணீர் ஊற்றத்தானே என்று வாய்வரை வந்தது. அறை அவர்களுடையது என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

கூட்டம் போட்டார்கள். பாதிப் பேர் பிள்ளைகள் பக்கம், பாதிப் பேர் அண்டாக்கள் பக்கம். கடைசியில் தலைவரே ஒரு வழி சொன்னார். எல்லாப் பாடத்திலும் கேள்வி கேட்டு ஒரு புதிர்ப்போட்டி நடத்துவது. ஈப்போ டவுனிலிருந்து ஓர் அணி, தெலுக் இந்தானிலிருந்து ஓர் அணி, எங்கள் அணி. நாங்கள் ஜெயித்தால் அறை எங்களுக்கு. தோற்றால் அண்டாக்களுக்கு. அண்டாக்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

எங்கள் அணியில் வாய் திறந்து பேசுகிறவள் ஒருத்திதான். அவள் வீட்டில் ஒரே ஒரு மேசை, அதில் ரைஸ் குக்கரும் தம்பிகளின் பள்ளிப்பைகளும் குடியிருக்கின்றன. ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு அவளுக்கு இந்த வருஷம்தான். அந்த அறை போனால் அவளுக்குப் படிக்க வேறு இடமில்லை. அவள் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போட்டியை நடத்துகிறவளும் நானே. ஓர் அணியின் ஆசிரியை எப்படி நீதிபதி ஆகலாம் என்று நானே கேட்டேன். "வெளியாளக் கூப்பிட்டா அவருக்கு மால போடணும், பொன்னாட போத்தணும், காருக்குப் பெட்ரோல் போடணும் டீச்சர்" என்றார் தலைவர். கேள்வி தயாரிக்கும் வேலையை மட்டும் என்னிடம் தரவில்லை. அது நன்கொடையாளர்களின் உரிமையாம். நம் ஊரில் பணம் கொடுத்தவர் மேடையில் ஐந்து நிமிஷம் பேசியே தீருவார். எல்லாரும் பேசினால் பிள்ளைகள் வீட்டுக்குப் போக முடியாது. எனவே பேச்சுக்குப் பதிலாக ஆளுக்கொரு கேள்வி. பதிலை உறைக்குள் ஒட்டித் தந்துவிட வேண்டும். அந்த உறைக்கு எல்லாரும் பயபக்தியோடு 'ஸ்கீமா' என்று பெயர் வைத்தார்கள். எஸ்.பி.எம். தாள் திருத்துகிறவர்கள் கையில் விடைப்பட்டியல் ஒன்று இருக்குமே, அதே பெயர். ஸ்கீமாவில் இல்லாத பதிலுக்கு மதிப்பெண் கிடையாது.

மணி அடிக்கும் கருவி இல்லாததால் ஒவ்வோர் அணிக்கும் ஓர் அண்டா மூடியும் கரண்டியும் கொடுத்தார்கள். முதல் கேள்விக்கே மூன்று மூடிகளும் சேர்ந்து அலறின. பின்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, "பந்தி ஆரம்பிச்சிருச்சா?" என்று ஓடிவந்தார்.

இயற்பியல் கேள்வி டயர் கடைக்காரருடையது. கார் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும்? எந்தக் கார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். உறையில் எந்தக் காரும் இல்லை. பிரித்துப் படித்தேன்: 'கடைக்கு வந்தால் பார்த்துச் சொல்வோம்.' கணிதக் கேள்வி சேலைக் கடை அக்காவுடையது. ஒரு சேலைக்கு எத்தனை கொசுவம்? தெலுக் இந்தான் பையன் ஒருவன் சேலையின் நீளத்தை எதனாலோ வகுத்து, தசமப் புள்ளியோடு விடை சொன்னான். ஸ்கீமாவில் 'ஆளைப் பொறுத்தது' என்றிருந்தது. டவுன் அணி ஒரே மாதிரி சட்டை போட்டு, தடித்தடியாகப் புத்தகங்களோடு வந்திருந்தது. பாதியிலேயே அவர்களுடைய ஆசிரியர் ஒருமாதிரி முகத்தோடு எழுந்து, டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனவர்தான்.

எப்படியோ தெலுக் இந்தானும் நாங்களும் சமமாக வந்து நின்றோம். கடைசிக் கேள்வி தலைவருடையது. அவர் இதே தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர்.

"ரப்பர் மரத்த ஏன் விடியக்காலையிலயே சீவுறாங்க?" என்று படித்தேன். படிக்கும்போதே மனசு துள்ளியது. இது நான் அறையில் நடத்திய பாடம். எங்கள் பெண் மூடியை ஓங்கி அடித்தாள். விடியலில் குளிர்ச்சியாக இருக்கும், மரத்துக்குள் தண்ணீர் நிறைந்து பால்குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும், அதனால் பால் நன்றாக வடியும் என்றாள். ஒரு சொல் பிசகவில்லை.

உறையைப் பிரித்தேன். உள்ளே இருந்தது: 'வெயில் ஏறினால் கங்காணி ஏசுவார்.'

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் சொன்னதே சரி என்று மைக்கில் சொல்லிவிட்டேன்.

"ஸ்கீமால இருக்கா?" என்றார் தலைவர்.

"இல்ல. ஆனா சரி."

"டீச்சர், மரம் சீவுனது நானா நீங்களா? ஏச்சு வாங்குனது யாரு?"

மண்டபத்தில் இருந்த பழைய தோட்டத்து ஆட்கள் ஆளுக்கொரு காரணத்தோடு எழுந்தார்கள். கொசு என்றார் ஒருவர். மத்தியான மழை என்றார் இன்னொருவர். சீக்கிரம் முடித்தால் மீன் பிடிக்கப் போகலாம் என்றார் மூன்றாமவர், அவருக்குத்தான் பலத்த கைதட்டல். நான் விட்டுக்கொடுத்தால் கேள்வியும் போச்சு, அறையும் போச்சு. விட்டுக்கொடுக்காவிட்டால் தலைவர் கோபித்துக்கொள்வார், அப்படியும் அறை போச்சு.

அந்தப் பெண் தலைவரைப் பார்த்து மறுபடி மூடியைத் தட்டினாள்.

"தாத்தா, நான் இன்னும் முடிக்கல."

எஸ்.பி.எம். வரலாற்றுத் தாளுக்கு நாங்கள் பழக்கும் ஒரு முறை உண்டு. மலாயில் ஃபாக்தா, ஹுராயான், சொந்தோ. முதலில் உண்மை, அடுத்து விளக்கம், கடைசியில் எடுத்துக்காட்டு. மூன்றும் இருந்தால்தான் முழு மதிப்பெண். பிள்ளைகள் தூக்கத்தில்கூட அப்படித்தான் பேசுவார்கள்.

"அழுத்தம் கூடுதலா இருக்கும்ங்கறது ஃபாக்தா. வெயில் ஏறினா அழுத்தம் கொறையும், பாலும் கொறையும், அது ஹுராயான். பால் கொறஞ்சா தொர கங்காணிய ஏசுவாரு, கங்காணி உங்கள ஏசுவாரு. அதுதான் சொந்தோ லா தாத்தா. நீங்க சொந்தோ மட்டும் எழுதியிருக்கீங்க."

தலைவர் தாடையைத் தடவினார். தான் ஏச்சு வாங்கியதற்கு அறிவியல் காரணம் இருந்தது அவருக்கு அன்றுதான் தெரிந்தது போலும். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்ப என் பதிலும் சரிதான?"

"சரிதான் தாத்தா. முழு மார்க் மட்டும் வராது."

"முழு மார்க்க அந்தப் புள்ளைக்கே குடுங்க டீச்சர்!" என்று கத்தினார். நான் மேடையிலேயே அழுதேன். கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

அறை எங்களுக்கு என்று அங்கேயே அறிவித்தார்கள். பிறகு லோரியிலிருந்து பரிசுச் சுழற்கிண்ணத்தை இறக்கினார்கள். தலைவர் தம் சொந்தச் செலவில் செய்ய வைத்தது. என் தோள் உயரம், இரண்டு பக்கமும் சிங்கம், உச்சியில் புத்தகம் படிக்கும் ஒரு தங்க மனிதன். ஜெயித்தவர்கள் இடத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, அடுத்த போட்டியில் ஜெயிக்கிறவர்களிடம் போக வேண்டும் என்பது விதி. ஜெயித்தவர்கள் இடம் எது? அந்த அறைதான்.

அடுத்த சனிக்கிழமை போனால் கிண்ணத்துக்குக் கண்ணாடி அலமாரி வந்திருந்தது. சுற்றிலும் சிவப்புக் கயிறு, மேலே விளக்கு. மேசைகளுக்கு இடமில்லை. யாரும் தொட்டுவிடாமல் இருக்க வாசலில் பெரிய பூட்டு. "அது உங்க ரூம்தான் டீச்சர், யாரும் கேக்க முடியாது" என்றார் தலைவர், சாவியைத் தம் ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டே. பெருமையில் அவர் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சண்டை போடுவது?

மேசைகள் தகரக் கொட்டகைக்கு, அண்டாக்களின் பக்கத்துக்கு வந்துவிட்டன. அன்றைக்கு வேதியியல் நடத்தும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த இரைச்சலில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் நோட்டு நனையாதிருக்க ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் கீழே செருகினாள். பிறகு பூட்டிய கதவின் இடுக்கில் தெரிந்த வெளிச்சத்தை எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், அது சுழற்கிண்ணம்தான?"

"ஆமா."

"அப்ப அடுத்த வருஷம் டீம்ல வர்ற பிள்ளைங்களுக்கு எப்படித் தோக்கறதுன்னு சொல்லிக் குடுங்க டீச்சர். நான் எஸ்.பி.எம்.ம இங்கேயே படிச்சுக்குறேன், பரவால்ல."