என் வீட்டு பாட்டில் மட்டும் கறுத்தது

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. எர்ணாவூர் குடியிருப்பில் எங்கள் பிளாக்குக்கு வரும் தண்ணீர் ஒரு மாதமாக நாறுகிறது என்று தண்ணீர் ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். கத்தியவளையே பிடித்து உட்காரவைத்து, அரை நாள் பயிற்சி கொடுத்து, வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குட்டி பாட்டில்களையும் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள்.

பாட்டிலின் அடியில் கொஞ்சம் மருந்துப் பொடி இருக்கும். கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, மூடி, சூடோ குளிரோ படாமல் வீட்டுக்குள் சும்மா வைத்தால் போதும். மறுநாள் தண்ணீர் கறுத்துவிட்டால் அதில் சாக்கடைக் கிருமி கலந்திருக்கிறது என்று அர்த்தம். நாலு வீட்டிலாவது கறுத்தால் தெருக்குழாயைத் தோண்டிப் பார்ப்பதாக இன்ஜினியர் சொல்லியிருந்தார். நாலு என்ன, பன்னிரண்டும் கறுக்கும் என்று நான் தெம்பாக இருந்தேன். எதிர்வீட்டுப் பெண்ணின் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த மாதத்திலேயே மூன்றாவது தடவையாக வயிற்றுப்போக்கு. தோளில் போட்டால் கனமே தெரியவில்லை.

ஆனால் எங்கள் பிளாக் ஜனம் இதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டது. ஒருத்தி பாட்டிலுக்குக் குங்குமம் வைத்து சாமி படத்தின் கீழே நிறுத்தினாள். இன்னொருத்தி, கெட்டுவிடக் கூடாதே என்று பிரிட்ஜில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி ஊற்றியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பதினோரு வீட்டில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. என் வீட்டு பாட்டில் மட்டும் கறுத்துக் கிடந்தது.

மானம் போயிற்று. மாடி வீட்டுக்காரி என் வீட்டுக் காபியை வேண்டாம் என்று தள்ளி, விரதம் என்றாள். வாயில் வெற்றிலை இருந்தது. குடத்தைத் தேய்க்கிறாயா இல்லையா என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். அன்று அவருக்கு நேரம் சரியில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்ஜினியரோ போனில், ஒரே வீடு என்றால் அது வீட்டுக் குறை, பாத்திரத்தைக் கழுவுங்கள் என்று வைத்துவிட்டார்.

அந்த ஆத்திரம் தீராமலே, குழந்தைக்கு உப்புச்சர்க்கரைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் என்னை உட்காரச் சொல்லி, மூலையில் இருந்த, காசுக்கு வாங்கிய தண்ணீர்க் கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குழந்தை பாயில் படுத்தபடியே தண்ணீர் கேட்டது. அதற்குக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். குடத்தில் இருந்தது தெருக்குழாயில் மாட்டிய அடிபம்பில் பிடித்த அதே நாற்றத் தண்ணீர்.

இது என்ன கணக்கு என்று கேட்டேன்.

"கேனு வூட்டுக்கு வர்றவங்களுக்குக்கா. நம்ம புள்ளைக்கு பம்பு தண்ணி தான்."

"பாட்டில்ல எதை ஊத்துனே?"

"ஆபீசுக்குப் போறதாச்சே. கேனு தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டம்ளரை வீசியிருப்பேன். வீசவில்லை, ஏனென்றால் என் வீட்டிலும் வருகிறவர்களுக்குக் கேன்தான். அன்றைக்குக் கேன் காலியாக இருந்தது, அதனால் குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். என் நேர்மையின் லட்சணம் அவ்வளவுதான்.

மற்ற வீடுகளிலும் விசாரித்தால் கேன், கொதிக்கவைத்த தண்ணீர், பிரிட்ஜ் என்று இதே கதைதான். தண்ணீர் ஆபீசில் இன்னும் பதினோரு பாட்டில் கேட்டு வாங்கிவந்தேன். இந்தமுறை ஒவ்வொரு வீட்டிலும் குடத்துக்குப் பக்கத்தில் நின்று நானே பிடித்தேன். மறுநாள் காலை எதிர்வீட்டுப் பெண் கறுத்த பாட்டிலோடு என் வாசலில் நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் தான்க்கா இத்தினி நாளா புள்ளைக்கு இத்த ஊத்தி ஊத்திக் குடுத்துகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அன்று எல்லா வீட்டிலும் கறுப்புதான். யார் வீட்டு பாட்டில் அதிகக் கறுப்பு என்று மாடியில் போட்டியே நடந்தது.

இரண்டு நாள் கழித்து இன்ஜினியர் வந்தார். எதிர்வீட்டுப் பெண் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, குடத்திலிருந்து மொண்டு, டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தாள்.

"குடி சார். கேனு இனிமே புள்ளைக்கு."

அவர் ஒரு கையில் டம்ளரைப் பிடித்தபடியே, மறுகையால் குழாய் தோண்டும் ஆட்களுக்குப் போன் போட்டார்.