கிளெனிஸ் கட்டிய இன்ஜின்

மூண்டா ஊரில் கிளெனிஸ் ட்ரெவார்த்தாவைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, குரலுக்கு மட்டும் வயதாகவே இல்லை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து ஒரு அதட்டல் போட்டால் பின்சீட்டு வாலுகள்கூடக் கப்சிப். அப்பேர்ப்பட்டவள் ஒரு மோட்டார் சைக்கிள் என்றால் மட்டும் உருகிவிடுவாள். 1924ஆம் வருஷத்து ஒற்றைச் சிலிண்டர் வண்டி அது. ஒரு பண்ணை ஏலத்தில் நாலு பழப்பெட்டிகளில் உதிரியாகக் கிடந்ததை வாங்கி வந்தாள்.

அப்போது அவளுக்கு முப்பது வயசு. பழைய வண்டிச் சங்கத்து ஆண்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "பெயின்ட் நீ அடிச்சுக்கோ, இன்ஜின கிளாரிகிட்ட குடுத்துடும்மா." கிளாரி பாஸ்கோதான் அன்றும் இன்றும் சங்கத்தின் பெரிய கை. கொடுப்பாளா இவள்? சாப்பாட்டு மேஜையையே பட்டறையாக்கி, பேரிங்கிலிருந்து பிஸ்டன்வரை தானே பார்த்துப் பார்த்துக் கட்டினாள். அவள் புருஷன் லின்ட்சே அந்தக் குளிர்காலம் முழுக்க நின்றுகொண்டே சாப்பிட்டான். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைப் பற்றி லின்ட்சே இன்னும் பேசுவான். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லையாம்.

அந்த இன்ஜின்தான் இந்த மே மாதம், கார்னிஷ் திருவிழா ஊர்வலத்தில், ஊர் பார்க்க வெடித்தது.

சுரங்க வேலைக்குக் கடல் கடந்து வந்த முன்னோர்களைக் கொண்டாடுகிற ஊர்வலம் அது, பக்கத்து ஊரான வாலரூவில் கிளம்பி, கடைனா வழியாக மூண்டாவுக்கு வரும். முதல் வண்டி கிளெனிஸுடையது. கடைனா கடைத்தெருவில் அவள் பேருந்துப் பிள்ளைகள் மொத்தமும் நின்று "மிஸஸ் டி! மிஸஸ் டி!" என்று தொண்டை கிழியக் கத்தின. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இடது கையைத் தூக்கி அசைத்தாள், அசைத்தாள், ஊர் எல்லை தாண்டியும் அசைத்துக்கொண்டே இருந்தாள். கோதுமை விதைக்கிற புழுதிக்கு நடுவே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவர்களுக்கும் ஒரு அசைப்பு. அந்த வண்டியின் இன்ஜினுக்கு மசகு எண்ணெய் தானாக இறங்காது. எண்ணெய்த் தொட்டிமேல் ஒரு கைப்பம்பு இருக்கிறது. சில மைலுக்கு ஒருதரம் அதை அழுத்த வேண்டும். அழுத்துகிற கை எது? அதே இடது கைதான்.

முதலில் ஒரு தட்டல். பிறகு சம்மட்டியால் அடித்ததுபோல ஒரு சத்தம். பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு முறிந்து, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. தார்ச்சாலை முழுக்க அலுமினியத் துண்டுகள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் ஒருத்தர் இன்ஜின் வெடித்தால் பின்னால் வருகிற எல்லாரும் நிறுத்திவிட்டு, ரோட்டோரமாக வரிசைகட்டி நடந்து, உடைந்த துண்டு ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். நூறு வருஷத்து வார்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? மினுக்கித் துடைத்த வண்டிகள் சாலையோரம் நிற்க, திருவிழா உடுப்பில் இருந்தவர்கள் புல்லுக்குள் குனிந்து தேடினார்கள். முட்டிவலிக்காரக் கிளாரிகூட மண்டி போட்டான். துண்டுகள் எல்லாம் லின்ட்சேயின் தொப்பிக்குள் சேர்ந்தன. விரல்நகம் அளவு ஒன்று மட்டும் அகப்படவில்லை.

மறுவாரம் கிளாரி வண்டியில் ஒரு சாமானைப் போட்டுக்கொண்டு அவள் ஷெட்டுக்கு வந்தான். மூடியிருந்த சாக்கை விலக்கினால், அதே மாதிரி இன்னொரு இன்ஜின். எந்தக் காலத்திலோ வாங்கி வைத்தது, கிண்ணென்று இருந்தது.

"எடுத்துக்கோ. நாலு போல்ட்டு, முடிஞ்சது வேலை. செப்டம்பர் கண்காட்சிக்கு ஓட்டிட்டு வந்துடலாம்," என்றான்.

"ஏன் கிழவா, உனக்கு என்ன திடீர்னு தரும சிந்தனை?"

"வாய்க்கொழுப்பு பாரு! சும்மா குடுத்தாலும் திட்டு." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "உன்மேல தப்பில்ல கிளெனிஸ். முப்பது வருஷத்துக்கு முன்னாடி, அனுபவம் இல்லாத வயசுல கட்டின பேரிங். இம்புட்டு நாள் தாங்குனதே பெருசு."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் இன்னும் எரிந்தது. அவன் போன பிறகு அவள் ஸ்பேனரைத் தூக்கி மேஜைமேல் எறிந்தாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பேக்கரியில்கூட ஒருத்தன் காதுபடச் சொன்னான், பொம்பளை கட்டிய இன்ஜின் பாவம் போய்விட்டது என்று. கிளாரியின் இன்ஜினை மாட்டிவிட்டால் அந்தப் பேச்சு சாசனம் ஆகிவிடும். தன் இன்ஜினையே ஒட்டுப்போட்டுக் கட்டினால்? ஒட்டு விட்டுப்போனால், சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும்.

லின்ட்சே அதைத்தான் பிடித்துக்கொண்டான். "கவுரவம் எல்லாம் சரி கண்ணு. நீ கீழ விழுந்தா எலும்பு ஒட்டுற வயசா உனக்கு? அந்த ஆள் குடுக்கிறத வாங்கிக்கோயேன்."

"நான் கட்டுனது போகல லின்ட்சே."

"பின்ன என்ன, பேயா வந்து உடைச்சது?"

அவளுக்குத் தெரியும். ரோட்டில் வண்டியை விட்டு இறங்கிய அந்த நிமிஷமே தெரியும். எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்த்தாள், வாலரூவில் ஊற்றியது ஏறக்குறைய அப்படியே தளும்பிக்கொண்டிருந்தது. சடாரென்று மூடிவிட்டாள். பம்பை மறந்துபோவது புதுசாக வண்டி பழகுகிறவன் செய்கிற தப்பு. அவள் அதைச் செய்தாள், அதுவும் கூட்டத்துக்குக் கை காட்டுகிற பவுசில்! வெளியே சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இன்ஜினின் மானம் போகும். இரண்டு வாரம் இதிலேயே வெந்தாள். பேருந்தில் பிள்ளைகளை அதட்டக்கூட மறந்தாள்.

சங்கக் கூட்டத்தில் மேஜை நிறைய பேஸ்டி, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட கார்னிஷ் பண்டம்; பக்கத்தில் தக்காளி சாஸ். கிளாரி எழுந்து தொண்டையைச் செருமினான். "நம்ம கிளெனிஸ் வண்டிக்கு வேற இன்ஜின் ஏற்பாடு ஆயிடுச்சு. பழசு அதோட காலம் முடிஞ்சு..."

"முடியல," என்றாள் கிளெனிஸ்.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

"இன்ஜின் மேல ஒரு குத்தமும் இல்ல. கடைனா கடைத்தெருவுல இருந்து நான் ஒருதரம்கூட எண்ணெய் பம்ப அழுத்தல. ராணி மாதிரி கை ஆட்டிக்கிட்டு வந்தேன். நம்பலைன்னா வந்து தொட்டியத் திறந்து பாருங்க, ரொம்பி இருக்கு."

கூரை பறக்கச் சிரித்தார்கள். ஒருத்தனுக்குப் பேஸ்டி புரையேறியது. பின்னால் யாரோ கையைச் சொகுசாக ஆட்டிக் காட்டினான். சிரிக்கட்டும் என்று அவள் நின்றாள். லின்ட்சே மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான்.

கிளாரியும் சிரிக்கவில்லை. அவன் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். "கடைனாவுல இருந்தா? அங்கேர்ந்து இவ்வளவு தூரம் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமலா ஓடுச்சு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஆமா."

"நான் கட்டுனதா இருந்தா பாதித் தூரம்கூட வந்திருக்காதும்மா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

சிரிப்பு அடங்கிப்போயிற்று. கிளெனிஸுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மறுநாளே கிளாரி தன் இன்ஜினை எடுத்துக்கொண்டு போனான். அவள்தான் எடுத்துப் போகச் சொன்னாள்.

அப்புறம் வேலை தொடங்கியது. நூறு வருஷமாக எண்ணெய் குடித்த அலுமினியத்தில் வெல்டிங் ஒட்டாது. சுட்டுச் சுட்டு எண்ணெயைக் கக்கவைக்க வேண்டும். எங்கே சுடுவது? லின்ட்சே பேஸ்டி சுடுகிற அடுப்பில்தான். வீடே லாரி ஷெட் மாதிரி நாறியது. "இனிமே என் பேஸ்டிய நாய்கூட மோந்து பார்க்காது," என்று அவன் புலம்பினான். ஆனால் மணிக்கொருதரம் திருப்பிப்போட்டதும் அவன்தான். வாலரூவில் மீன்பிடிப் படகுகளுக்கு வெல்டிங் வைக்கிற டார்க்கோ, தொப்பியில் வந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பற்றவைத்தான். காணாமல்போன நகத்துண்டின் இடத்தை வெல்டிங்காலேயே நிரப்பினான். பேரிங் இடத்தை மறுபடி கடைந்து, புது ராடு போட்டுக் கட்டியது கிளெனிஸ். லின்ட்சே கேட்டுக்கொண்டதற்காக, ஆளில்லாத வயல் சாலையில் நாலு வாரம் ஓட்டிப் பார்த்தாள். ஒட்டு அசையவில்லை.

கிளாரி வந்து தடவிப் பார்த்தான். "நல்ல வேலை. இந்தத் தழும்ப மட்டும் அரம் போட்டு ராவிடு. கண்ணுக்கே தெரியாது. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"தெரியட்டுமே."

"கண்காட்சியில மார்க்கு போகும்டி."

"போனா போகுது. உங்க மார்க்க வச்சு நான் என்ன, பேஸ்டியா சுடப்போறேன்?"

செப்டம்பரில் வாலரூ கடற்கரைப் புல்வெளியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அடிலெய்டிலிருந்து வந்த ஒரு ஆள், நல்ல தோல் சட்டை, கிளெனிஸின் வண்டிமுன் குந்தி உட்கார்ந்து அந்தத் தழும்பையே பார்த்தார். பக்கத்தில் நின்ற கிளாரிதான் சொந்தக்காரன் என்று நினைத்துவிட்டார்.

"அபாரம் சார். இந்த இன்ஜின யார் கட்டுனது?"

கிளாரி கட்டைவிரலால் பக்கத்தில் காட்டினான். கிளெனிஸ் கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர் அவளை ஒருதரம் பார்த்தார், தழும்பை ஒருதரம் பார்த்தார். "ஐயோ, இவ்வளவு நல்ல இன்ஜின எந்தப் புண்ணியவான் இப்படி உடைச்சான்?"

கிளாரி வாயைத் திறந்தான். கிளெனிஸ் முந்திக்கொண்டாள்.

"அதுவும் நான்தான்," என்றாள், பேருந்தின் கடைசி சீட்டுவரை கேட்கிற அந்தக் குரலில்.