ஏரி விழுங்கிய கடப்பாரை

பன்னிரண்டு வயதில் இர்ஜாவுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை. உறைந்த ஏரியில் மீன் பிடிப்பது மட்டும்தான் பாக்கி. அதுவும் தெரியும் என்றே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். செய்தி மீன்களுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

கிழக்கு ஃபின்லாந்தில், ஹௌகிலாம்பி ஏரிக்கரையில் அவர்கள் வீடு. அப்பா எய்னோ குளிர்காலம் முழுக்க மரம் வெட்டும் முகாமில் இருப்பார். மார்ச் கடைசியில்தான் திரும்புவார். அந்த வருஷம் கிளம்பும்போது, "தம்பியப் பாத்துக்கோ. கடப்பாரையையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பனியை உடைத்துத் துளை போடுவதற்கென்றே கொல்லனிடம் சொல்லி அடித்த கடப்பாரை அது. இர்ஜா இரண்டு பொறுப்பையும் தலைமேல் ஏற்றிக்கொண்டாள். ஒன்பது வயதுத் தம்பி தைஸ்தோவை, அவன் கேட்காமலே, தினமும் ஏரிக்கு இழுத்துப் போய்ப் பாடம் நடத்தினாள்.

முறை என்றால் அவளுக்கு உயிர். துளை வட்டமாக இருக்க வேண்டும். உடைத்த பனித்துண்டுகளைக் கரண்டியால் அள்ளி ஒரே பக்கமாகக் குவிக்க வேண்டும். துளை தாம்பாளம் மாதிரி அமைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தைஸ்தோவோ யாரோ விட்டுப்போன பழைய துளையைக் குதிகாலால் உதைத்துத் திறந்து, அந்த நேரத்துக்குள் நான்கைந்து மீன்களை வெளியே எறிந்திருப்பான்.

புழு விஷயத்திலும் அப்படித்தான். குளிரில் புழு விறைத்துப்போகாமல் இருக்க அந்த ஊர்க்காரர்கள் அதைக் கீழுதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்வார்கள், புகையிலையைப் போல. தைஸ்தோ கூசாமல் ஒதுக்கிக்கொண்டான். இர்ஜா தன் புழுக்களைத் தீப்பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

"துப்புடா அத. பாக்கவே அசிங்கமா இருக்கு."

தைஸ்தோ உதட்டைப் பிரிக்காமலே பேசினான். "உன் புழுவெல்லாம் செத்துப்போச்சுக்கா."

"சாகல. ஒழுங்கா படுத்திருக்கு."

கடப்பாரையின் தலையில் ஒரு கயிறு உண்டு. பனி திடீரென்று உடைந்து வழிவிடும்போது கை நழுவினாலும் கடப்பாரை போய்விடாமல் இருக்க, அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தம்பிக்கு இர்ஜா சொல்லாத நாள் கிடையாது. ஒருநாள் அந்தக் கயிற்றின் முடிச்சு கோணலாக இருப்பது அவள் கண்ணில் பட்டது. அவிழ்த்துவிட்டாள். நேராகக் கட்டலாம், அதற்கு முன்னால் இந்தத் துளையை முடித்துவிடலாம் என்று ஓங்கி ஒரு போடு போட்டாள். பனி வழிவிட்டது. ஈரக் கையுறையும் வழிவிட்டது.

இருவரும் மண்டியிட்டுத் துளைக்குள் பார்த்தார்கள். கறுப்புத் தண்ணீர் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அது திரும்பி வருமா?"

"கூப்பிட்டா வர்றதுக்கு அது என்ன நாயாடா?"

அம்மா லைலா மாட்டுக்கொட்டகையிலிருந்து தலையை நீட்டி, சேதி கேட்டு, "எனக்கு எதுக்குச் சொல்ற? உங்கப்பா வருவார்ல, அவர்கிட்டச் சொல்லு" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வழி ஒன்றுதான் இருந்தது. ஊர் மீன்பிடிப் போட்டியில் சிறுவர்களுக்கான பரிசாகப் பனியைத் துளைக்கும் எஃகுத் துரப்பணம் ஒன்றை அறிவித்திருந்தார்கள். கைப்பிடியைச் சுழற்றினால் போதும், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். அதை முதலில் அப்பா கையில் கொடுத்துவிட்டு, கடப்பாரையைப் பற்றிப் பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று இர்ஜா கணக்குப் போட்டாள்.

போட்டியன்று பக்கத்து வீட்டுக்காரர் இருவருக்கும் துளை போட்டுக்கொடுத்தார். தம்பி கண்பார்வையில் இருக்க வேண்டும் என்று தன் துளையை அவனுடையதை ஒட்டியே போடச் சொன்னாள் இர்ஜா. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தூண்டில் கனத்தது. இழுத்தாள், அது திரும்ப இழுத்தது.

"பேசாதடா. பெருசா ஒண்ணு மாட்டியிருக்கு."

"எனக்கும்தான்க்கா. உன்னோடதவிடப் பெருசு."

அவள் இழுத்தால் அவன் கை போனது. அவன் இழுத்தால் அவள் கை போனது. இதை இருவரும் கவனிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கவனித்தார்கள். கடைசியில் இர்ஜாவின் துளை வழியாக, இரண்டு தூண்டில் நரம்பையும் உடம்பில் சுற்றிக்கொண்டு, விலாங்கு போல நீண்டு வழுவழுவென்று ஒரு மாதே மீன் பனிமேல் வந்து விழுந்தது. அன்றைய போட்டியில் அதைவிடப் பெரிய மீன் வரவில்லை.

எடை போடுகிற கார்லோ, மரம் அறுக்கும் ஆலைக்காரர், குனிந்து பார்த்தார்.

"யாரோட மீன் இது?"

"என் துளையிலதான் வந்துச்சு மாமா," என்றாள் இர்ஜா.

"வாசல் உன்னோடதுதான். தூண்டில் முள்ளு யாரோடது?" மீனின் வாயைப் பிளந்தார். "புழு இன்னும் நெளியுதே. உன் புழு என்னைக்காவது நெளிஞ்சிருக்கா பொண்ணே?"

ஏரியே சிரித்தது. துரப்பணம் தைஸ்தோவுக்குப் போனது. வீடு போய்ச் சேரும்வரை எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இர்ஜா, "கத்துக்கொடுத்தது நான்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை அப்பா வந்தார். ஈரக் காலுறைகளை அடுப்புக்கு மேல் காயப்போட்டார். துரப்பணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கதவு மூலையைப் பார்த்தார்.

"கடப்பாரை எங்க?"

இர்ஜா ஐந்து நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. வாயைத் திறப்பதற்குள் தைஸ்தோ முந்திக்கொண்டான்.

"நான்தாம்பா தண்ணியில விட்டுட்டேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. தப்பித்தாயிற்று. ஆனால் அப்பாவின் முகம் கோபமாக மாறுவதற்குப் பதிலாக விரிந்தது.

"நீயா? அந்தக் கனத்த தூக்கி, அடி வரைக்கும் பனிய உடைச்சியா? லைலா, கேட்டியா உன் மகன் சங்கதிய?"

அலமாரியிலிருந்து பெரியவர்கள் குடிக்கும் கோப்பை ஒன்றை எடுத்து, அவன் முன்னால் வைத்துக் காப்பியை ஊற்றினார். இர்ஜாவுக்கு அதுவரை பால்தான். சும்மா இருந்திருந்தால் போதும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. அவள் காப்பியின் ஆவியைப் பார்த்தாள்.

"இவனா உடைச்சான்? இவனால அத இடுப்பு வரைக்கும்கூடத் தூக்க முடியாது. நான்தான் உடைச்சேன். நான்தான் விட்டேன்."

தைஸ்தோ, 'உன்னைக் காப்பாற்ற முடியாது' என்பது போலப் பார்த்தான்.

"கயிறு என்னாச்சு?" என்றார் அப்பா.

"முடிச்சு கோணலா இருந்துச்சு. அதான் அவுத்தேன்."

"அந்தக் கோண முடிச்சு நான் போட்டது," என்றார். "அதுக்கு முந்தின கடப்பாரைய முடிச்சே இல்லாம உள்ள விட்டதும் நான்தான். துணைக்கு ஒண்ணு போயிருக்கு. உக்காரு."

அவளுக்கும் ஒரு கோப்பை வந்தது. தம்பியுடையதைவிட ஒரு விரற்கடை குறைவு. எழுந்து நின்று பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

இர்ஜாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கூட்டுறவுப் பால் நிலையத்தில் பால் அளந்து ஓய்வு பெற்றாள். மார்ச் வந்தால் அக்காவும் தம்பியும் ஏரியில் தள்ளித் தள்ளித்தான் உட்காருகிறார்கள். அவளுடைய துரப்பணம், மூக்குக்கண்ணாடி, காப்பி ஃபிளாஸ்க், எல்லாவற்றிலும் கயிறு. எல்லா முடிச்சும் நேர்.

"என்னக்கா, இன்னைக்கு மீனையும் கட்டிப் போட்டாச்சா?" என்று தைஸ்தோ தூரத்திலிருந்து கத்துவான்.

அவளிடம் நல்ல பதில் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். சொல்லத்தான் முடியாது, கீழுதட்டுக்குள் புழு இருக்கிறது.