கொட்டாய்க்குக் கதவு எண்

கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு கல்வராயன் மலையில் பிரஷர் பார்க்கப் போனதை என்னோடு படித்தவர்கள் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஒப்பந்த வேலை. கையில் பதிவு போட ஒரு டேப் கம்ப்யூட்டர், தோளில் ஒரு பை. காலையில் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி, கரியாலூருக்கு முன்னாலேயே இறங்கி, எனக்குக் கொடுத்த நாலு ஊரில் வீடு வீடாகப் போக வேண்டும். பிரஷர், சர்க்கரை இருப்பவர்களுக்கு மாதாமாதம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது திட்டம். நல்ல திட்டம். அதோடு எனக்குச் சண்டையே இல்லை.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் டேப்பில் இருந்த ஆப்பை மாற்றினார்கள். வீட்டுக்குப் போகாமலே சிலர் டீக்கடையில் உட்கார்ந்து பிரஷர் எழுதிவிடுகிறார்களாம், அதைப் பிடிக்கச் சீர்திருத்தமாம். இனிமேல் வீடு பதிவான இடத்திலேயே நின்று, ஆளையும் கதவையும் சேர்த்து போட்டோ எடுத்தால்தான் மாத்திரை பதிவாகும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் டேப் சிவப்பு காட்டும். மூன்று முறை போயும் வீடு பூட்டியிருந்தால் அந்த ஆள் 'இடம்பெயர்ந்தவர்'. அதற்கப்புறம் அந்தப் பெயருக்கு மாத்திரை வராது.

இதை யோசித்தவர் சாமை விளைகிற மாதத்தில் மலை ஏறியிருக்க மாட்டார். அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. காட்டுப்பன்றி புகுந்தால் ஊருக்கு வெளியே இருக்கிற மரவள்ளிக் கொல்லை ஒரே நாளில் காலி. அதனால் கொல்லையிலேயே சின்னக் குடிசையாக ஒரு கொட்டாய் போட்டுக்கொண்டு, அடுப்பு, ஆடு, கோழி எல்லாவற்றோடும் மூன்று நாலு மாதம் அங்கேயே இருந்துவிடுவார்கள். அதை ஊரை விட்டுப் போனதாக மலையில் ஒருத்தரும் நினைப்பதில்லை. சமையலறையிலிருந்து வாசலுக்கு வந்த மாதிரிதான் அவர்களுக்கு.

கீழே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு ஊரில் பதினோரு வீடு பூட்டிக் கிடந்தது. மூன்று வாரம், மூன்று தடவை, 'வீடு பூட்டியுள்ளது' என்ற பொத்தானைப் படபடவென்று அழுத்திவிட்டு, சீக்கிரம் வேலை முடிந்ததென்று சந்தோஷமாக பஸ் பிடித்தேன். அதை எந்த ஆப்பும் செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

பிறகு ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு அக்கா என்னை மடக்கினார். அந்தப் பதினோரு வீட்டில் ஒரு வீட்டுக்காரர், ஐம்பதைத் தொடும் வயது. போன வருஷம் வாய் கோணி, இடது கை விழுந்து, பிழைத்து வந்தவர். மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது மாத்திரை போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறதாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தே போய்க் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஊரை விட்டுப் போய்விட்டதாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

"நான் எங்க போயிட்டேன்னு நீயே சொல்லு பாப்பா. நானும் தெரிஞ்சிக்கினு போறேன்."

அங்கேயே உட்காரவைத்து பிரஷர் பார்த்தேன். மேல் அளவு நூற்றுத் தொண்ணூறு. நேராக சுகாதார நிலையத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். மாத மாத்திரை பட்டியலில் பெயர் இருந்தால்தான் வரும், பட்டியல் தன் கையில் இல்லை என்றார்.

மேற்பார்வை பார்க்கிற சாருக்கு போன் போட்டேன். பெயரைத் திரும்பச் சேர்க்க மாவட்டத்தில் சொல்ல வேண்டும், வீட்டைச் சரிபார்க்க ஆள் வருவார்கள், எப்படியும் அடுத்த மாதம் ஆகிவிடும் என்றார். அடுத்த மாதமும் அவர்கள் கொல்லையில்தான் இருப்பார்கள் என்றேன். சரிபார்க்க ஆள் வரும்போதும், அப்புறம் நான் மாத்திரையோடு போகும்போதும் அவர்களை வீட்டுக்கு வந்து நிற்கச் சொல் என்றார்.

அதை அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

"பன்னிக்கும் ஒரு ஆப்பு குடுக்கச் சொல்லு. அன்னிக்கு வராதன்னு அதுல போட்டுடலாம்."

கீழே வருகிற பஸ்ஸில் அந்த ஆப்பைக் குடைந்துகொண்டே வந்தேன். எல்லாப் பொத்தானையும் திறந்து பார்த்தேன். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வெளியூர் போகிறவர்களுக்காக 'வந்து சேர்ந்தவர்' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். இடம்பெயர்ந்த ஒருவர் எந்த ஊருக்கு வந்தாலும், அந்த ஊர்ப் பணியாளர் புது வீடு பதிந்து அவரைச் சேர்த்துக்கொள்ளலாம். மாவட்டத்தைக் கேட்க வேண்டாம். மாத்திரை அன்றைக்கே வரும். எனக்கு பஸ்ஸிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா போய்விட்டார் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். போனவர் எங்கேயாவது வந்து சேர்ந்துதானே ஆக வேண்டும்? வீட்டிலிருந்து ஓடையைத் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறார். அந்த ஊர்ப் பணியாளரும் நான்தான்.

மறுநாள் கொட்டாய்க்குப் போனேன். பாறையும் முள்ளும் கலந்த ஏற்றம். செருப்பு அறுந்துவிட்டது. கதவு எண் கேட்டது டேப். கொட்டாய்க்குக் கதவே கிடையாது, சாக்குதான் தொங்கியது. சாக்பீஸால் மூங்கில் கம்பத்தில் ஒன்று என்று எழுதினேன். கதவோடு போட்டோ வேண்டுமே என்று நான் விழித்தபோது, அக்கா நல்ல கையால் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றார்.

"இதான் கதவு. எடு."

டேப் பச்சையானது. ஒரு மாத மாத்திரையை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த மூன்று நாளில் மற்ற பத்து கொட்டாய்க்கும் நம்பர் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் சார் என்னை எழுப்பி நிற்கவைத்தார். சுற்றிலும் எல்லா ஊர்ப் பணியாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே வாரத்தில் ஒரு ஊரில் பதினோரு வீடு கூடிவிட்டதை மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"ஏம்மா, மலையில இன்னா பிளாட்டு போட்டு வித்துக்கினு இருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். மூன்று தடவை நான் அழுத்திய பொத்தானையும் சேர்த்து. சார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, அவரையும் யாரோ நிற்கவைத்திருப்பார்கள். ஆனாலும் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். பதிவுகள் தவறு, ரத்து செய்யவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினால் ஒப்பந்தத்துக்குப் பிரச்சினை இல்லை. பக்கத்தில் இருந்த செவிலியர் அக்கா, எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார் என்று என் காலை இடித்தார்.

எழுதினேன். பதினோரு குடும்பமும் இப்போது இருக்கிற இடம் அதுதான், நேரில் போய் பிரஷர் பார்த்தேன், மாத்திரை கொடுத்தேன். பதிவை ரத்து செய்வதென்றால் கொட்டாய்க்கு வாருங்கள், மாத்திரை அட்டையைப் பக்கவாதம் வந்த அந்த அம்மா கையிலிருந்து நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், என்னால் முடியாது. கீழே கையெழுத்து.

சார் இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு வாய் ஜாஸ்தி."

"மாத்திர கம்மியாவாம இருந்தா போதுங்க சார்."

அதன் பிறகு இரண்டு மாதம் போய்விட்டது. பதிவுகளை யாரும் ரத்து செய்யவில்லை. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாகவும் யாரும் சொல்லவில்லை. கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள். போன வாரம் அக்காவுக்கு நூற்று நாற்பது. இன்னும் கொஞ்ச நாளில் அறுப்பு முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். அப்போது கொட்டாய் காலியாகக் கிடக்கும், திரும்பவும் இடம்பெயர்ந்தவர் ஆவார்கள், திரும்பவும் வந்து சேர்ந்தவர் ஆக்க வேண்டும். அதுவரை நான் வேலையில் இருப்பேனா தெரியாது. எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், எந்தக் கொட்டாய்க்கு எந்த வழி என்று ஒரு நோட்டில் முழுக்க எழுதி அக்காவிடமே கொடுத்துவிட்டேன். அடுத்து டேப்போடு யார் ஏறி வந்தாலும் முதலில் அவரிடம்தான் பாடம் கேட்டாக வேண்டும்.