ஒன்றேகால் மணி நேர பேட்டரி

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு மொத்தத் துணி வியாபார நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்ததற்கான சான்றிதழ் ஒன்று என்னிடம் இருந்தது. அலுவலகத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. அதனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் என்ன சொன்னாலும் அதுதான் முடிவு.

திருப்பூருக்குப் போயிருந்த முதலாளி, அங்கே ஒரு வியாபாரி லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். நமக்கும் ஒன்று வேண்டும் என்றார். எங்கள் விற்பனையாளர் ஊர் ஊராகத் தையல் யூனிட்டுகளுக்குப் போய் ஆர்டர் எடுப்பவர். போன இடத்திலேயே துணி ரகத்தையும் இருப்பையும் காட்டி, ஆர்டரை அங்கேயே பதிந்துவிடலாம் என்பது முதலாளியின் எண்ணம். எதை வாங்கலாம் என்று பார்த்துவரச் சொல்லி என்னை மதுரைக்கு அனுப்பினார்.

அந்த விற்பனையாளருக்கு ஐம்பது வயது இருக்கும். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். நான் மதுரைக்குப் போவதற்கு முதல் நாள், வீடு திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் போற எடத்துல பாதி நேரம் கரண்டு இருக்காது. கரண்டு இல்லாம அது எம்புட்டு நேரம் ஓடும்?"

"மூணு மணி நேரம் ஓடும் பாய்" என்றேன்.

உண்மையில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர், நான் யோசிக்காத ஒன்றை யோசித்துவிட்டாரே என்ற எரிச்சலும் இருந்தது.

மதுரைக் கடையில் இரண்டு லேப்டாப்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று கனமானது, சாம்பல் நிறம், பார்க்க டிபன் கேரியரைப் படுக்கப் போட்டது போல இருந்தது. பிளாப்பி போடும் பாகத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பேட்டரியைச் செருகலாம். இரண்டும் சேர்ந்தால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது என்றார் கடைக்காரர். அடியில் ஒரு மூடியைத் திறந்து, நாளைக்கு மெமரி கூட்ட வேண்டுமானால் இந்த இடத்தில் ஒரு சில்லு போட்டால் போதும், செலவும் அதிகமில்லை என்று காட்டினார். மற்றது மெல்லியது, கறுப்பு. திரையில் நிறங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒரே ஒரு சிறிய பேட்டரி, ஒன்றேகால் மணி நேரம்தான் ஓடும். கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், கிட்டத்தட்ட லேப்டாப்பின் கால் பங்கு விலை ஆகும். மெமரியைக் கூட்ட வழியே கிடையாது. அதனால் விலை கொஞ்சம் குறைவு.

கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கறுப்பு லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தேன். காரணத்தை இன்று எழுதும்போதும் கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது என் பொறுப்பில் இருக்கும் என்று முதலாளி சொல்லியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதை மனதுக்குள் பார்த்துவிட்டேன். அந்தக் காட்சிக்குச் சாம்பல் நிறப் பெட்டி பொருந்தவில்லை.

முதலாளியிடம், நவீனமானது, விலையும் கொஞ்சம் குறைவு என்று சொன்னேன். பேட்டரியைப் பற்றியோ மெமரியைப் பற்றியோ நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பாய் அதை இயக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஆட்காட்டி விரலால் அழுத்துவார். நான் பொறுமையில்லாமல் சொல்லித் தருவேன். பிறகு அவர் தனியாகவே எடுத்துப் போக ஆரம்பித்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தளவாய்புரத்தில் ஒரு பெரிய தையல் யூனிட்டுக்குப் பாயும் நானும் போனோம். நைட்டி தைப்பவர்கள், வருடம் முழுவதும் துணி வாங்கக்கூடியவர்கள். முக்கியமான ஆர்டர் என்பதால் முதலாளியும் வந்திருந்தார். லேப்டாப்பைக் காட்டிப் பெருமைப்படவும் அவருக்கு ஆசை. பத்து மணிக்கே கரண்டு போய்விட்டது. தையல் மெஷின்கள் நின்றுபோன அமைதியில் பாய் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு ரகமாகக் காட்டினார். யூனிட்காரர் நிதானமாகக் கேட்டுக் கேட்டு எழுதச் சொன்னார். இருபது ரகத்துக்கு மேல் பதிந்திருப்பார். திரை திடீரென்று இருண்டது. பாய் பொத்தானை மறுபடியும் மறுபடியும் அழுத்திப் பார்த்தார். யூனிட்காரர் சிரித்துவிட்டு, கரண்டு வந்ததும் பார்ப்போம் என்று எழுந்து போனார்.

முதலாளி என்னைத்தான் பார்த்தார். "என்னப்பா ஆச்சு?"

"சரியா சார்ஜ் ஏத்தாம கொண்டுவந்திருப்பாங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேகத்தில் வந்த வார்த்தை. பாய் என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார். அங்கிருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் முதலாளி அவரைத் திட்டினார். இந்த வயசில் இதெல்லாம் உமக்கு எதற்கு என்றார். பாய் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று திரும்பும் பஸ்ஸில் வேறு இடம் தேடினேன். கிடைக்கவில்லை, பாய் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. மில் ஸ்டாப் தாண்டியதும் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்து விரித்தார். எந்த ஊரில் லேப்டாப்பை எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை மணிக்கு அணைந்தது என்று ஒவ்வொரு நாளுக்கும் எழுதி வைத்திருந்தார். ஒரு மணி பத்து நிமிடம். ஒன்றேகால் மணி. ஒரு மணி ஐந்து.

"முழுசா சார்ஜ் போட்டுத்தான் தம்பி எடுத்துட்டுப் போவேன். நீங்க மூணு மணி நேரம்னு சொன்னிய. இது ஓடல. மொதலாளிகிட்ட சொன்னா ஒங்க பேரு கெட்டுப் போயிருமேன்னு இருந்துட்டேன்."

அந்த நேரத்தில்கூட மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்கு முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் போய்ச் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் பாயைக் குடோனுக்கு மாற்றினார்கள். ஊர் சுற்ற ஒரு இளைஞரை எடுத்தார்கள். இருபது வருடம் வெளியே அலைந்த மனிதர், துணிக்கட்டுகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நாலு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ரெடிமேட் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

புதிதாக வந்தவருக்கும் லேப்டாப் ஒன்றேகால் மணி நேரம்தான் ஓடியது. அவர் சில மாதம் சமாளித்துப் பார்த்துவிட்டு, நேராக முதலாளியிடமே போய்ச் சொன்னார். அதற்குள் கணக்கு சாப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்திருந்தது. இருக்கிற மெமரி அதற்குப் போதவில்லை. கூட்டவும் வழியில்லை. முதலாளி மதுரைக் கடைக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். இதெல்லாம் அன்றைக்கே உங்கள் ஆளிடம் விவரமாகச் சொன்னோமே என்றிருக்கிறார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "அப்ப பாய் மேல தப்பில்ல, அப்படித்தானே?" என்றார். "ஆமா" என்றேன். போய் அவரைக் கூட்டி வா என்றார்.

பாய் கடையில் குழந்தைகள் சட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். முதலாளி திரும்ப வரச் சொன்னதையும் சொன்னேன். கையிலிருந்த சட்டையை மாட்டி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"நீங்க சின்ன வயசு, பயந்துட்டிய. அது எனக்கு அன்னைக்கே புரிஞ்சுது. ஆனா இருபது வருசம் அவியகிட்ட இருந்தேன் தம்பி. என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. இனி வர மாட்டேன்."

டீ சொன்னார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவர் எதிரில் உட்கார்ந்து குடித்தேன். ஒரு குடும்பம் சட்டை வாங்க வந்தது. அவர் எழுந்து அவர்களைக் கவனிக்கப் போனார். நான் தம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே இறங்கி நடந்தேன்.