28 ஜனவரி என்று எழுதிய இரண்டு கேசட்டுகள்

"இயேசு மரி சூசை. திருச்சி, 6.2.84. அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நலம், நலமறிய ஆவல். தாங்கள் கொடுத்தனுப்பிய கேசட் வந்து சேர்ந்தது. எல்லோரும் உட்கார்ந்து மூன்று தடவை கேட்டோம். ஒன்றும் விளங்கவில்லை. அங்கே அனைவரும் சௌக்கியம்தானே?"

என் மாமனார் எழுதிய கடிதம் இது. நாலு வருஷமாகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. இப்போது எதற்கு வெளியே எடுத்தேன்?

கிராஞ்சியில் செடி நர்சரி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். "வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். நீங்கள் எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்து வைப்பவர். உங்கள் அனுபவம் என்ன?"

ஐயா, என் அனுபவம் மேலே இருக்கிறது. மூன்று தடவை கேட்டார்கள்... ஒன்றும் விளங்கவில்லை.

புதுச் சாமான் என்றால் எனக்குக் கை நிற்காது. 1976 கிறிஸ்துமஸுக்கு முன்னால் சிவப்பு எண்கள் தெரியும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினேன். எண்கள் தானாகத் தெரியாது. இன்னொரு கையால் பொத்தானை அழுத்த வேண்டும். தோ பாயோவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவனுக்கு இன்னொரு கை ஏது? ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை. பக்கத்தில் நின்றவரிடம் மணி கேட்டேன். அவர் என் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம்தான் தன்னுடையதைப் பார்த்தார்.

1982இல் பேசும் கடிகாரம். மணிக்கொரு தரம் ஓர் ஆங்கிலப் பெண்மணி நேரம் சொல்வார். ஒரு ஞாயிறு பூசைக்கு அது என் பையோடு வந்துவிட்டது. பிரசங்கம் உச்சத்தில் இருந்தபோது அந்த அம்மையார், "இட்ஸ் டென் ஓ கிளாக்" என்றார். சாமியார் நிறுத்தினார். யோசித்தார். "ஆமென்" என்று முடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் இரண்டு பேர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கொண்டாந்திருக்கீங்களா?" என்று விசாரித்தார்கள்.

இதிலெல்லாம் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1983 டிசம்பரில் கம்ப்யூட்டர் வாங்கினேன்.

சிராங்கூன் ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் கடை. ரேடியோ, கடிகாரம், கால்குலேட்டர் எல்லாம் விற்பார்கள். கடைக்காரரைக் காதர் பாய் என்றே வைத்துக்கொள்வோம்.

"இது என்ன செய்யும், பாய்?"

"என்ன செய்யாதுன்னு கேளுங்கண்ணே."

"சரி, என்ன செய்யாது?"

"அத வாங்குனப்புறம் நீங்கதான் வந்து சொல்லணும் லா."

நேர்மையான வியாபாரி. குறை சொல்ல மாட்டேன்.

என் திட்டம் பெரியது. 1968 முதல் நோட்டுப் புத்தகங்களில் குறித்து வருகிறேன் — சிராங்கூன் ரோட்டில் எந்தக் கடை எப்போது திறந்தது, எப்போது கை மாறியது, எந்த பஸ்ஸின் நம்பர் எப்போது மாறியது என்று. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால்? ஒரு பொத்தான்... ஒரு தேதி... உடனே விவரம்.

நடந்தது வேறு. அதற்குத் தமிழ் தெரியாது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். தனித் திரையும் கிடையாது. வீட்டு டிவியின் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டியை மாட்டி, அதையே திரையாக்க வேண்டும். தட்டியதைச் சேமிக்க, பாட்டுக் கேட்கும் அதே சாதாரண கேசட். 1971ஆம் வருஷத்தை ஏற்ற ஆரம்பித்தேன். மார்ச்சோடு கம்ப்யூட்டருக்குள் இடம் நிரம்பிவிட்டது. வருஷத்தில் இன்னும் ஒன்பது மாதம் பாக்கி.

அந்த கேசட்டைச் சாதாரணமாகப் போட்டுக் கேட்டால் எப்படியிருக்கும்? தகரக் கூரையில் ஆணியால் கோடு போடுவது மாதிரி. ஐந்து நிமிஷம் விடாமல் கோடு போடுவது மாதிரி.

என் மனைவி ரோசலின் ஒரு நாள் நின்று பார்த்தாள். "நோட்ட எடுத்துப் பிரிச்சா ஒரு செகண்டுல தெரியுமேங்க?"

நான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் பெயர் எழுதுவதில்லை. தேதிதான். ஊறுகாய் பாட்டிலில் தேதி. மருந்துச் சீசாவில் தேதி. சாவிக் கொத்தில்கூட, செய்த தேதி. நான் ஆரம்பித்த பழக்கம். கல்யாணமான புதிதில் ரோசலின் சிரித்தாள். பத்து வருஷத்தில் அவளும் தேதி போட ஆரம்பித்துவிட்டாள். ஊறுகாய் என்று நினைத்து இஞ்சி லேகியத்தைத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்ட நாளும் என் குறிப்பில் இருக்கிறது.

அப்போது கடல் தாண்டி வந்த எங்களைப் போன்றவர்களுக்கு கேசட்தான் கடிதம். உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிப் பதிந்து, ஊருக்குப் பறக்கிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். அங்கே குடும்பமே டேப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும்.

1984 ஜனவரியில் ஒரு முக்கியமான கேசட் போக வேண்டியிருந்தது. ரோசலினுடைய தங்கை பிலோமினாவுக்கு வரன். பையன் பெயர் ஜோசப். குடும்பம் திருச்சியில், அவர் மட்டும் இங்கே ஷிப்யார்டில் எலக்ட்ரீஷியன், கிளமெண்டியில் அண்ணன் வீட்டில் இருந்தார். பிலோமினா போட்டோவைப் பார்த்துச் சரி என்றுவிட்டாள். என் மாமனார் மட்டும், "ரோசலின் நேரில் பார்த்துச் சொல்லட்டும். அவள் சொல்வதே முடிவு" என்று எழுதிவிட்டார்.

ஜோசப்பை 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டோம். வந்தார். "ம்" என்றார். "இல்லக்கா" என்றார். "போதுங்க்கா" என்றார். இரண்டு மணி நேரத்தில் மொத்தம் அவ்வளவுதான். கண் மட்டும் டிவிக்குப் பின்னால் தொங்கிய ஒயர்களிலேயே இருந்தது.

அவர் போனதும் ரோசலின் தட்டை எடுத்தபடியே சொன்னாள். "என்னங்க இவன், வாயத் தொறக்கவே மாட்டேங்குறான். என் தங்கச்சி செவுத்தோட பேசவா ஊர விட்டு வரணும்?"

"கொஞ்சம் கூச்சம்..."

"கூச்சமா? ஒயரப் பாக்குறதுக்குக் கூச்சம் இல்லையே."

28ஆம் தேதி சனிக்கிழமை. காலையில் நான் 1971இன் மூன்று மாதங்களை கேசட்டில் பதிந்து, மேலே '28 ஜனவரி' என்று எழுதினேன். மத்தியானம் ரோசலின் புது கேசட் ஒன்றை எடுத்தாள்.

"நீங்க இருந்தா எனக்குப் பேச்சு வராது. கீழ போய் ஒரு தே குடிச்சிட்டு வாங்க."

போனேன். தேநீர் குடித்தேன். திரும்பி வந்தபோது பேசி முடித்து, அவளும் '28 ஜனவரி' என்று எழுதி வைத்திருந்தாள். மேசையில் இரண்டு கேசட். ஒரே கடை, ஒரே நிறம், ஒரே தேதி. அதில் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, மறுநாள் ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தவன் நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

29ஆம் தேதி கம்ப்யூட்டரில் கேசட்டைப் போட்டேன். எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று தடவை போட்டேன். ஒயரைச் செருகிவிட்டால் டேப்பில் சத்தம் வெளியே வராது. அதனால் உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. கேசட் கெட்டுவிட்டது போலும் என்று முடிவு செய்தேன். மூன்று மாதத்தையும் மறுபடி தட்டி, அதே கேசட்டிலேயே பதிந்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இரண்டு பக்கமும், டேப் தீரும் வரை திரும்பத் திரும்பப் பதிந்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி அவள் அக்கா பேசிய பேச்சு முழுவதையும் ஒரு மெஷினுக்கு மூன்று தடவை ஊட்டியிருக்கிறேன். அது வாங்கவில்லை. கடைசியில் நானே அழித்துவிட்டேன்.

பிப்ரவரியில் டிவி போனது. திரை முழுக்கப் புள்ளி. கம்ப்யூட்டரும் இல்லை, தமிழ்ச் செய்தியும் இல்லை. வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. கோயிலில் ஜோசப்பைப் பார்த்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். 12ஆம் தேதி மத்தியானம் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார்.

ரோசலின் முகம் சரியாக இல்லை. இருந்தாலும் காப்பி கொடுத்தாள்.

அவர் டிவிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒயரைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான்... பேச ஆரம்பித்துவிட்டார். ஷிப்யார்டில் பெயிண்ட் அடிக்கிற சூப்பர்வைசர் கப்பலுக்குள் வழி தெரியாமல் சுற்றிய கதை. அண்ணன் குழந்தைகளுக்கு மின்விசிறியில் பட்டம் கட்டிக் கொடுத்து அண்ணியிடம் வாங்கிய திட்டு. அந்த மனிதருக்குக் கையில் வேலை இருந்தால்தான் வாய் திறக்கும் போலிருக்கிறது. காப்பிக்குப் பின் வடை வந்தது. வடைக்குப் பின் சமையலறையிலிருந்து ரோசலினே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் அந்தச் சின்ன ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"டிவியில ஒரு கோளாறும் இல்லண்ணே. இத வாங்காம இருந்திருந்தா போதும்."

ரோசலின் சிரித்தாள். கல்யாணமான பத்து வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து பார்த்தது.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும், ஜோசப்" என்றாள்.

15ஆம் தேதி புதன்கிழமை மாமனார் கடிதம் வந்தது. தொடக்கத்தை முன்பே படித்தீர்கள். மீதி இது: "ரோசலின் குரலே இல்லை. கிரீச்சென்று ஒரே இரைச்சல். பையனைப் பற்றிச் சொல்லக்கூடாதது ஏதோ இருந்து, சொல்லிவிட்டு அழித்துவிட்டீர்களோ என்று உங்கள் அத்தை அழுகிறாள். 19ஆம் தேதி முதல் ஓலை வாசித்தாக வேண்டும். பையன் வீட்டார் அவசரப்படுகிறார்கள். வேறு இடமும் அவர்கள் கைவசம் இருக்கிறதாம். 18ஆம் தேதி சனிக்கிழமைக்குள் தங்கள் பதில் கிடைக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்."

கோயிலில் மூன்று ஞாயிறு தொடர்ந்து ஓலை வாசித்தால்தான் கல்யாணம். அந்த வருஷம் மார்ச் 7ஆம் தேதி சாம்பல் புதன்; தவக்காலம் ஆரம்பம். அதில் கல்யாணம் கிடையாது. 19ஐ விட்டால் ஏப்ரலில் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், கழித்துத்தான். அதுவரை யார் காத்திருப்பார்கள்?

வீட்டில் இருந்த '28 ஜனவரி'யை டேப்பில் போட்டோம். 1971 ஜனவரி, பிப்ரவரி, மார்ச்... கிரீச்.

நடந்ததை ஒப்புக்கொண்டேன். இடி விழப் போகிறது என்று காத்திருந்தேன்.

"எல்லாம் அழிஞ்சிடுச்சா?" என்றாள் ரோசலின்.

"அழிஞ்சிடுச்சு."

"ஒரு வார்த்தகூட இல்ல?"

"இல்ல."

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கமும்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சரி, விடுங்க" என்றாள். கேசரி கிண்டப் போய்விட்டாள். அன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை. குறிப்பைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மாமனார் வீட்டில் போன் கிடையாது. மறுநாள் சாயங்காலம் திருச்சியில் பங்குச் சாமியார் வீட்டு நம்பருக்கு அடித்தோம். ஆள் அனுப்பி மாமனாரைக் கூட்டி வந்தார்கள்.

"அப்பா, அந்த சத்தம் கம்ப்யூட்டர்ப்பா."

"யாரு?"

"உங்க மாப்பிள்ளை வாங்குன மெஷின்."

"மெஷினா? பையனப் பத்தி அது என்ன சொல்லுது?"

"அது ஒண்ணும் சொல்லலப்பா. நான் சொல்றேன். நல்ல பையன்ப்பா. தங்கமான பையன்."

"குடிப்பானா?"

"நம்ம வீட்ல காப்பிதான் குடிச்சாரு."

"பேசுவானா? உங்கம்மா அதத்தான் கேக்குறா."

"பேசுவாராவா? ஐயோ, ரெண்டு மணி நேரம் பேசுனாருப்பா. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலி."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு சாமியார் குரல்: "அம்மா, அப்பா கண்ணத் தொடைக்கிறாரு. ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சிடுறேன்."

மார்ச் 5ஆம் தேதி திங்கட்கிழமை, சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னால், ஜோசப்புக்கும் பிலோமினாவுக்கும் கல்யாணம். இப்போது கிளமெண்டியில் சொந்த வீடு, இரண்டு குழந்தைகள். கம்ப்யூட்டரை ஜோசப்பே பிரித்து, உள்ளே இருந்த ஏதோ ஒன்றைத் தன் வீட்டு அழைப்பு மணிக்குப் பொருத்திவிட்டார். அது இன்னும் ஓடுகிறது.

கிராஞ்சி அன்பரே, தாராளமாக வாங்குங்கள். இப்போது டிஸ்க் வந்துவிட்டது, கிரீச்செல்லாம் இல்லை. மேலே தேதியோடு, உள்ளே என்ன இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

என் நோட்டில் மட்டும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் ஜோசப்பே கேட்டுவிட்டார். "அக்கா, அந்த கேசட்டுல என்னப் பத்தி என்னதான் சொன்னீங்க?"

"நல்லதுதான் சொன்னேன். கொழம்பு ஊத்திக்குங்க."

பிலோமினா அக்காவைப் பார்த்தாள். அக்கா குழம்பைப் பார்த்தாள்.

ஆதாரம் இருந்தால்தான் நான் எழுதுவது வழக்கம். ஆகவே: ரோசலின் 28.1.1984 அன்று பதிந்த பதில் 'சரி'யா, 'வேண்டாம்' என்பதா — இந்த வாரம் வரை உறுதி செய்யப்படவில்லை.